கடைசி வரிசைப் பெண்ணைப் பற்றி நான் எழுதியது

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. ரொறன்ரோவுக்கு வந்து எனக்கு ஏழு வருடம் ஆகியிருந்தது. ஸ்காபரோவில், மார்க்கம் ரோட்டுக்குப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். என் கணவருக்கு வேலையிடத்தில் பழைய கணினி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்கென்று கொண்டுவந்து வைத்தார். அதற்கு முன்னால் அதிக நேரம் இருந்தது நான்தான்.

எனக்குப் பின்னேர வேலை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் தையல் மெஷினைத் திறந்துவிடுவேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் பிளவுஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். நடுவில் ஒரு மணித்தியாலம் இணைய அரட்டை. அதற்குத் தொலைபேசி வயரைக் கழற்றிக் கணினியில் கொழுவ வேண்டும். அந்த நேரம் வீட்டுக்கு யார் எடுத்தாலும் லைன் கிடைக்காது. ஊரிலிருந்து அம்மா எடுத்தெடுத்துக் களைத்த நாட்களும் உண்டு.

அது தமிழ்ப் பெண்களுக்கென்று யாரோ தொடங்கிய அரட்டை அறை. வழமையாக வருவது ஏழெட்டுப் பேர். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். சொந்தப் பெயர் சொல்வதில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனால் எங்கள் சனத்தில் ஒரு பெயரையும் ஊரையும் சொன்னால் மூன்றாவது கேள்வியிலேயே சொந்தம் வந்துவிடும். பிறகு மனம்விட்டுக் கதைக்க முடியாது. அதனால் ஆளுக்கொரு புனைபெயர். தாங்களாகவே சொன்னவர்களை மட்டும் நோர்வேக்காரி, பாரிஸ்காரி என்று தெரியும்.

பெரிய விஷயம் ஒன்றும் கதைப்பதில்லை. சென்னைக்கு யாராவது போனால் என்ன சேலை வந்திருக்கிறது, தைரொயிட்டுக்குக் குளிசை எடுத்தால் உடம்பு வைக்குமா, வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தால் சீனி குறையுமா, மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கலாமா, இப்படித்தான். கல்யாணக் கதைக்கு மட்டும் தனி மவுசு. யார் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் திங்கட்கிழமை வந்து ஒப்புவிக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். யார் என்ன உடுத்தார்கள், எங்கே தையல் பிழைத்தது என்று நான் எழுதினால் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் வாய் திறக்காமல் பெட்டி அடுக்குகிற ஒருத்திக்கு அது பெரிய விஷயம்.

அந்த அறையில் எனக்கு மிகவும் நெருக்கமாக இருந்தவளை இங்கே தோழி என்றே சொல்கிறேன். அவளது புனைபெயரைக்கூடச் சொல்லப்போவதில்லை. நாங்கள் இருவரும் 'நீங்கள்' என்பதை விட்டு ஆளையாள் 'நீர்' என்று எழுதும் அளவுக்கு வந்திருந்தோம். பகிடிக்குப் பகிடி சொல்வாள். சித்திரை, வைகாசி முழுவதும் "இஞ்ச ஒரே மழை" என்று எழுதியதால் அவள் லண்டனில் இருக்கிறாள் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். இங்கும் அந்த மாதங்களில் மழைதான் என்பது எனக்கு ஏனோ தோன்றவில்லை.

ஒருநாள் தோழி தையல் விஷயம் ஒன்று கேட்டாள். ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், பழைய பட்டுச் சேலைதான் உடுத்த விருப்பம், ஆனால் பிளவுஸுக்குள் கை போகுதில்லை, வலது கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, என்ன செய்யலாம் என்று. நான் விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன். அக்குளடித் தையலைப் பிரித்து, அதே நிறத்தில் நீளமாக ஒரு துண்டை உள்ளே வைத்துத் தைக்க வேண்டும், இரண்டு கைக்கும் ஒரே அகலத் துண்டு வைத்தால் வித்தியாசம் தெரியாது என்று எழுதினேன். கடைசியில், கை ஏன் வீங்கினது, சோறு கூடிப்போச்சோ என்று பகிடியும் விட்டேன். "ஓம், சோறுதான்" என்று பதில் வந்தது. நானும் சிரித்துவிட்டு, உடற்பயிற்சி செய்யும் என்று புத்தி வேறு சொன்னேன்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவரின் நண்பருடைய மகளுக்குக் கல்யாணம். பெரிய மண்டபம், நானூறு பேருக்கு மேல். நானும் கணவரின் தங்கையும் பின்பக்கமாக இருந்தோம். எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால், கடைசி வரிசையில், கதவடிக் கதிரையில் ஒரு பெண் தனியாக இருந்தாள். கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம். நல்ல சேலை. ஆனால் பிளவுஸின் ஒரு கை தொளதொளவென்று, மற்றக் கை இறுக்கமாக இருந்தது. தலையில் பொய்முடி என்பது தூரத்திலேயே தெரிந்தது. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு, சாப்பிடாமலே வெளியே போய்விட்டாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மச்சாளின் காதில் ஏதோ சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

அடுத்த நாள் காலை அரட்டைக்குப் போனேன். எல்லோரும் காத்திருந்தார்கள். தோழியும் வந்திருந்தாள். மணவறை, நகை, சாப்பாடு எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் அந்தப் பெண்ணுக்கு வந்தேன். என்ன எழுதினேன் என்பதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஒரு கைக்கு அவவின் அளவும் மற்றக் கைக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் அளவும் எடுத்திருக்கினம் போல என்று எழுதினேன். முகம் மணவறையைப் பார்க்க, தலைமயிர் கதவைப் பார்த்தது என்று எழுதினேன். திரையில் சிரிப்பு வரிசையாக விழுந்தது. நோர்வேக்காரி, வயிறு நோகுது, நிப்பாட்டுங்கோ என்றாள்.

தோழி மட்டும் சிரிப்பு எதுவும் எழுதவில்லை. "அவ எங்க இருந்தவ?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசி வரிசையில், கதவடியில, சாப்பிடாமலே போட்டா என்று எழுதினேன். கேட்கிறாளே, இன்னும் சுவையாகச் சொல்லவேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்கு மட்டும் தெரியும்படியான தனிச் சாளரம் ஒன்று திறந்தது. அதில் இப்படி இருந்தது:

"கத்தரிப்பூக் கலர் சீலை நான்தான். நீர் சொன்ன மாதிரித்தான் துண்டு வைச்சுத் தைச்சன். மற்றக் கை தைக்க ஏலாமல் போச்சு."

முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன். ஏதோ திருப்பி அடிக்கத் தட்டத் தொடங்கினேன். அப்போதுதான் உறைத்தது, சேலையின் நிறத்தை நான் எழுதவே இல்லை. மேலே போய் நான் எழுதியதை முழுவதும் வாசித்தேன். எங்கும் நிறம் இல்லை. "நீரோ" என்று மட்டும் எழுதி அனுப்பியபோது அவள் போய்விட்டிருந்தாள். பொது அறையில் மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாரிஸ்காரி, பிறகு என்ன நடந்தது, சொல்லுங்கோ என்று கேட்டாள்.

வயரைப் பிடுங்கிவிட்டேன். அன்று வேலைக்குப் போகவில்லை. கணவர் வந்து என்ன என்று கேட்டபோது தலையிடி என்று சொன்னேன்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. தனிச் செய்தி நாலைந்து அனுப்பினேன். பதில் இல்லை. லண்டனில் இருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தவள் நான் இருந்த மண்டபத்தில், எனக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்திருக்கிறாள். அவளுக்கு என்ன வருத்தம், என்ன நோய்? கை ஏன் வீங்கியது? தலைமயிர் எங்கே? ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கப் பார்க்க விடை ஒன்றாகத்தான் வந்தது. அதை நம்ப மனம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை, கல்யாணப் பெண்ணின் தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன். கல்யாணத்துக்கு வந்த ஒருவரின் தோடு ஒன்றைக் கண்டெடுத்தேன், கத்தரிப்பூச் சேலை உடுத்தவ, கொடுக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். அவர் உடனே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். மாப்பிள்ளை கனடாவுக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் அவள் வீட்டில்தான் இருந்தாராம். அவள் வராவிட்டால் தாலி கட்டமாட்டேன் என்று அடம்பிடித்தாராம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பாவம் பிள்ளை. மார்பில கான்சர். மாசி மாதம் ஒப்பரேஷன். மருந்து ஏத்திப்போட்டு நாலு நாளில அந்தப் பிள்ளை எழும்பி வந்தது. சாப்பாட்டு மணம் ஒத்துக்கொள்ளாதெண்டு வெளியில போய் வாந்தி எடுத்ததாம்."

எனக்கு முன்னால் மெஷினில் யாரோ ஒருத்தியின் பிளவுஸ் பாதி தைத்தபடி இருந்தது. அவர் முகவரி சொன்னார். ஸ்காபரோவிலேயே வோபர்ன் பக்கம். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடம்.

சனிக்கிழமை காலை போனேன். என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கட்டடத்தின் கீழே, வீட்டு இலக்கத்தை அழுத்தும் பலகைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இரண்டு முறை பஸ் தரிப்பிடத்துக்குத் திரும்பிப் போய்விட்டு வந்தேன். கடைசியில் அழுத்தினேன்.

"ஆர்?" என்று கேட்டது ஒரு குரல். அவளோடு எட்டு மாதமாகக் கதைக்கிறேன், குரலை அன்றுதான் கேட்கிறேன். என் பெயரைச் சொன்னால் அவளுக்குத் தெரியாது. அரட்டையில் வைத்திருந்த பெயரைச் சொன்னேன். பட்டப்பகலில், கட்டடத்து வாசலில் நின்று அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவள் லைனை வெட்டிவிட்டாள் என்று நினைத்துத் திரும்பும்போது கதவு திறக்கும் ஒலி கேட்டது.

மேலே வீட்டுக் கதவைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். பருத்தித் துணி ஒன்றைத் தலையில் கட்டியிருந்தாள். முகத்தில் புருவம்கூட இல்லை. கல்யாண மண்டபத்தில் இரண்டு வரிசை தூரத்திலிருந்து கவனித்தவள் நான். ஒரு பிளவுஸின் தையல் தெரிந்த எனக்கு, புருவத்தை மையால் கீறியிருந்தது தெரியவில்லை.

"இருங்கோ" என்றாள்.

நீர் என்று எழுதிக்கொண்டிருந்தவள் நேரில் 'இருங்கோ' என்றது நெஞ்சில் அடித்தது. பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் அடுக்கிவைத்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. அழத் தொடங்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் சலிப்போடுதான் சொன்னாள்.

"அழாதேங்கோ. அழுற ஆக்களைக் காணாமல் இருக்கத்தான் நான் அந்தக் கொம்பியூட்டருக்குப் போறனான்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கதைக்கிறார்களாம். சேலைக் கடைக்குப் போவோமா என்று யாரும் கூப்பிடுவதில்லையாம். முகத்தைப் பார்ப்பதுபோல் தொடங்கி, கண் தானாக நெஞ்சுக்கு இறங்கிவிடுமாம். கணவர்கூட அவளுக்கு முன்னால் சிரிக்கப் பயப்படுகிறாராம். அரட்டை அறையில்தான் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அங்கே அவளும் மற்றவர்களைப் போல ஒருத்தி. கரை என்ன நிறம் என்று கேட்பார்கள், சோறு கூடிப்போச்சோ என்று கேட்பார்கள்.

"அண்டைக்கு நீங்கள் எழுதினதை வாசிக்கேக்க முதல் நானும் சிரிச்சனான். பக்கத்து வீட்டுக்காரியின்ர கை எண்டதுக்குச் சிரிச்சனான். அதுக்குப் பிறகுதான் அது ஆர் எண்டு விளங்கினது."

இதைவிட அவள் என்னை ஏசியிருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம். மண்டபத்தில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்ததையும் கண்டிருக்கிறாள். அதில் ஒருத்தி நான் என்று அப்போது தெரியாது, இப்போது முகத்தைக் கண்டதும் தெரிகிறது என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்றாள். அந்த ஓரிடமாவது தனக்கு இருக்கட்டும் என்றாள்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அந்த பிளவுஸைத் தரும்படி கேட்டேன். முதலில் வேண்டாம் என்றாள். பிறகு கொண்டுவந்து மேசையில் போட்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெஷின் தையல் இல்லை. கையால் தைத்திருக்கிறாள். முதல் அரை அடி நூல் பிடித்த மாதிரி நேராக, சின்னச் சின்னத் தையல். அதற்குப் பிறகு தையல் நீண்டு, வளைந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடி நேராகத் தொடங்கியிருந்தது. கை பாரமாகி வலித்ததும் வைத்துவிடுவாளாம். ஒரு கைக்கு மட்டும் பதினொரு நாள் எடுத்ததாம். மற்றக் கையைத் தொடங்க முன்னம் கல்யாண நாள் வந்துவிட்டது. எத்தனையோ பேரின் தையலைப் பார்த்துக் குறை சொன்னவள் நான். அந்தத் தையலைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அளவு எடுக்க அவளுடைய நாடாவையே வாங்கி அவள் கையில் சுற்றினேன். தோள்மூட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கல் மாதிரி இருந்தது. மார்போடு சேர்த்து அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்ததால் இனி அது இப்படித்தான், வற்றாது என்று டொக்டர் சொன்னாராம். நாடாவில் வந்த எண்ணை நான் இரண்டு தரம் பார்த்தேன். மற்றக் கையைவிட மூன்றரை அங்குலம் கூட. சோறுதானே என்று பகிடி விட்டது இந்தக் கையைத்தான்.

"கிச்சுக்கிச்சு மூட்டுது" என்று அவள் கையை இழுத்தாள். அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

பிளவுஸை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு கையையும் புதிதாகவே வெட்டித் தைத்தேன். அந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அரட்டை அறையில் நான் மறுபடி கதைக்கப் பத்து நாள் ஆனது. சும்மா போய்க் கதைக்க மனம் வரவில்லை. அன்று நான் எழுதியது பெரிய பிழை, அந்தப் பெண்ணைப் பிறகு சந்தித்தேன், சுகமில்லாதவ, நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது என்று எழுதினேன். நோர்வேக்காரி, நாங்களும் சிரிச்சதுதானே என்று ஒரு வரி எழுதினாள்.

அப்போது தோழியின் பெயர் வந்தது. கணினி பழுதாகி இருந்தது, இப்போதுதான் சரியானது என்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். பிறகு, நான் எழுதியதை அப்போதுதான் வாசித்தவள் போல, பொது அறையிலேயே என்னிடம் கேட்டாள்.

"அவவுக்கு பிளவுஸைச் சரியாத் தைச்சுக் குடுத்தீரோ?"

'இருங்கோ' போய் மறுபடி வந்த அந்த 'தீரோ'வைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓம், குடுத்திட்டன் என்று எழுதினேன். "நல்ல காரியம். இனி கதையை மாத்துங்கோ, எனக்கு ஆவணியில ஒரு கலியாணம் இருக்கு" என்றாள். அறை மறுபடி சேலைக்குத் திரும்பியது. கதைக்கிறது யார் என்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். அவள் மருந்தேற்றிவிட்டு வந்திருக்கும் நாட்களில்கூட, யாரோ தடிமன், சளி என்று சொன்னால் இஞ்சி அவித்துக் குடிக்கச் சொல்லுவாள். நான் வாயைத் திறக்காமல் இருப்பேன்.

அடுத்த வருடம் கோடையில், டொக்டர் இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகு, அவளே அறையில் எல்லாவற்றையும் சொன்னாள். கதவடியில் இருந்தது யார் என்பதையும் சொன்னாள். முதலில் பாரிஸ்காரி மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் எழுதினாள். மற்றவர்களும் அதையே ஒவ்வொருவராக எழுதினார்கள்.

அந்த அறை எப்போதோ இல்லாமல் போய்விட்டது. தோழி இப்போது பிக்கரிங்கில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். அவளுக்கு நான்தான் பிளவுஸ் தைக்கிறேன். அன்று நான் கேட்ட மன்னிப்புக்கு அவள் இதுவரை வாயால் பதில் சொன்னதில்லை. நானும் திரும்பக் கேட்டதில்லை. இன்றைக்கு எல்லோருடைய கையிலும் போன் இருக்கிறது, கல்யாணப் படம் ஒன்று வந்தால் ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேர் ஏதாவது எழுதிவிடுகிறார்கள். எனக்கு மட்டும், படத்தில் இருப்பவர் நான் எழுதுவதை வாசித்துக்கொண்டிருப்பார் என்ற பயம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.